கட்டாமல் விட்ட மாடிகளின் விலை

சிங்கப்பூர் ஆற்றங்கரையில், போட் கீ பக்கம் எடுத்த படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. முன்வரிசையில் ஓட்டுக்கூரை போட்ட இரண்டு மாடி, மூன்று மாடிக் கடைவீடுகள். அவற்றின் முதுகுக்குப் பின்னாலேயே 280 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் வங்கிக் கோபுரங்கள். பழமையும் புதுமையும் கைகோத்து நிற்கின்றன என்று அந்தப் படத்துக்குக் கீழே எழுதுவது வழக்கம்.

அந்த வரியால் எதுவும் விளங்குவதில்லை. நகரத்தின் நடு மையத்தில், ஒரு சதுர அடிக்கு அடித்துக்கொள்ளும் இடத்தில், அந்தக் கடைவீடுகள் எப்படித் தப்பின? மூன்று மாடி நிற்கும் மனையில் நாற்பது மாடி கட்டலாம் என்றால், கட்டாமல் விட்ட முப்பத்தேழு மாடிகளுக்கும் ஒரு விலை இருக்கிறது. யாரோ ஒருவர் அந்த விலையைக் கொடுத்தாக வேண்டும். உரிமையாளர் கொடுக்கலாம், அரசு கொடுக்கலாம், பக்கத்து மனைக்காரர் கொடுக்கலாம். ஒருவரும் கொடுக்க முன்வராவிட்டால் கட்டடம் போய்விடும். பழைய கட்டடங்களைக் காப்பது பற்றிய பேச்சு ரசனையில் தொடங்கினாலும் கடைசியில் இந்தக் கணக்கில்தான் வந்து நிற்கிறது. சிங்கப்பூர் இந்தக் கணக்கை எப்படிப் போட்டது, எங்கே தப்புக்கணக்குப் போட்டது என்று பார்த்தால், மற்ற ஊர்களில் ஏன் தடுமாறுகிறார்கள் என்பதும் ஓரளவு புரியும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஊர் தொடக்கத்தில் பழையதைக் காக்கவில்லை, இடித்தது. 1960களில் சைனாடவுன் கடைவீடுகளில் ஒவ்வொரு மாடியையும் பலகை வைத்துத் தடுத்து, ஜன்னல் இல்லாத அறைகளில் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தார்கள். ஒரு சமையலறையையும் ஒரு கழிப்பறையையும் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. அங்கே வாழ்ந்தவர்களிடம் போய்ப் பாரம்பரியம் என்று பேசியிருந்தால் யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள். 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) அவர்களுக்குத் தண்ணீரும் மின்சாரமும் உள்ள வீடுகளைக் கட்டிக்கொடுத்தது. 1966இன் நில எடுப்புச் சட்டம் தனியார் நிலத்தைப் பொதுத் தேவைக்காக எடுத்துக்கொள்ளும் பெரிய அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. பழைய தெருக்கள் வரிசையாக விழுந்தன.

இதற்குள் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையை அப்படியே உறையவைத்தது. வருமானம் இல்லாததால் உரிமையாளர்கள் பழுது பார்க்கவில்லை, ஓடு ஒழுகியது, உத்தரம் உளுத்தது. ஆனால் குடியிருப்பவர்களைக் கிளப்பவும் முடியவில்லை, அதனால் இடிக்கவும் முடியவில்லை. கட்டடங்களைச் சிதைத்த அதே சட்டம் அவற்றை நிற்கவும் வைத்தது. யாரும் திட்டமிடாத காவல் அது.

1971இல் நினைவுச்சின்னங்களைக் காக்கும் வாரியம் வந்தது. 1973இல் வெளியான முதல் பட்டியலில் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோவிலும் இருந்தது. ஆனால் அந்தப் பட்டியல் தனித்தனிக் கட்டடங்களுக்கானது. கோவிலைக் காத்துவிட்டுச் சுற்றியிருக்கும் தெருவை விட்டுவிட்டால் என்ன மிஞ்சும் என்ற கேள்வி பத்தாண்டு கழித்துத்தான் உறைத்தது. 1983இல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை சரிந்தது. காரணம் தேடிய குழு, ஊரின் பழைய ஆசிய முகத்தைத் துடைத்துவிட்டோம் என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னது. பழமை மீது திடீரென்று வந்த பாசத்துக்குப் பின்னால் வணிகக் கணக்கு இருந்தது என்பது எனக்கு உறுத்தவில்லை. எந்தக் காரணத்தால் காத்தாலும் சுவர் சுவர்தான். ஆனால் அந்தக் காரணம் பின்னால் எப்படித் திரும்பிக் கடித்தது என்பதற்கும் வருவோம்.

1987இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் தஞ்சோங் பகாரில் 32 கடைவீடுகளைத் தானே பழுது பார்த்துக் காட்டியது. செய்ய முடியும், செய்தால் லாபமும் வரும் என்று தனியாருக்குக் காட்டுவதுதான் நோக்கம். 1989 ஜூலையில் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், போட் கீ உள்ளிட்ட பத்துப் பகுதிகளை ஒரே வீச்சில் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அதில் அடங்கின. இன்று அந்த எண்ணிக்கை 7,000ஐத் தாண்டிவிட்டது.

ஒரு கடைவீட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால்தான் இந்த விதிகளின் அருமை தெரியும். முகப்பு நான்கு முதல் ஆறு மீட்டர் அகலம்தான், ஆழம் மட்டும் பல மடங்கு. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு மர உத்தரங்கள் பாய்ந்திருக்கும், அவற்றின் மேல் பலகைத் தளம். நடுவில் வானம் பார்த்த முற்றம். அது இல்லாவிட்டால் அத்தனை நீளமான வீட்டுக்குள் வெளிச்சமும் காற்றும் நுழையாது. முன்பக்கத்தில் மாடி தெருவை நோக்கி நீண்டு, கீழே நடைபாதைக்கு நிழல் தரும். அதுதான் ஐந்தடி வழி. 1822இல் ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்தில், ஒவ்வொரு வீட்டின் முன்பும் தொடர்ச்சியான, கூரையுள்ள நடைவழி இருக்க வேண்டும் என்று எழுதியதிலிருந்து வந்தது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்காமல் தெரு முழுவதும் நடந்துவிடலாம். இந்த ஊரின் தட்பவெப்பத்தில் இதைவிடப் புத்திசாலித்தனமான தெரு எனக்குத் தெரிந்து இல்லை.

வரலாற்றுப் பகுதிகளில் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் எல்லாவற்றையும் இடித்துக் கண்ணாடிப் பெட்டி கட்டுவதை விதி ஏற்காது. ஓட்டுக்கூரை, பொதுச்சுவர், உத்தரம், முற்றம், மரப்படி, ஜன்னல் எல்லாம் இருக்க வேண்டும். முடிந்தவரை வைத்துக்கொள், பொருந்தும்படி மீட்டெடு, கவனமாகப் பழுது பார், இதுதான் அவர்கள் மந்திரம். ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே விதி இல்லை. நகர மையத்துக்கு வெளியே உள்ள பழைய குடியிருப்புப் பகுதிகளில் முன்பக்க முதன்மைக் கட்டடத்தை வைத்துக்கொண்டு பின்பக்கம் அதைவிட உயரமாகப் புதிதாகக் கட்ட அனுமதி உண்டு. ஒரு மனையில் எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்பதைத் தமிழ்நாட்டு பில்டர்கள் எஃப்.எஸ்.ஐ. என்ற விகிதத்தால் சொல்வார்கள். அந்தத் தளப்பரப்பில் கொஞ்சத்தை உரிமையாளருக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் இது. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களுக்குச் சில கட்டணங்களையும் தள்ளுபடி செய்தார்கள். வாடகைக் கட்டுப்பாட்டைப் படிப்படியாகத் தளர்த்தி 2001இல் அறவே நீக்கினார்கள். கட்டடம் வருமானம் தரத் தொடங்கியது, உரிமையாளர் காசு போட்டுப் பழுது பார்த்தார்.

இதெல்லாம் சின்ன ஈடுதான். போட் கீயில் இழந்த முப்பத்தேழு மாடிகளுக்கு அது எந்த மூலைக்கு? பெரிய ஈடு கடலிலிருந்து வந்தது. 1970களிலிருந்து மரினா பகுதியில் கடலைத் தூர்த்து நிலம் எடுத்தார்கள். விடுதலை பெற்றபோது சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730ஐத் தாண்டியிருக்கிறது. துணிச்சலான புதுக் கட்டடங்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. 2010இல் திறந்த மரினா பே சாண்ட்ஸ், மூன்று கோபுரங்களின் தலையில் ஒரு நீளப் பூங்காவைத் தூக்கி வைத்திருக்கிறது. மோஷே சஃப்டி அதை வரைந்தபோது எந்தத் தெருவையும் இடிக்க வேண்டியிருக்கவில்லை, அடியில் இருந்தது கடல். சைனாடவுனை விட்டுவைத்தார்கள் என்றால், அதற்குப் பதிலாகக் கட்டிக்கொள்ள வேறு இடம் இருந்தது என்பது அதில் பாதிக் காரணம். சிங்கப்பூரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மற்ற நகரங்களுக்குச் சொல்கிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். பெரும்பகுதி நிலம் அரசின் கையில், கூடவே கடலிலிருந்து புது நிலம். இந்த இரண்டும் எத்தனை ஊருக்கு வாய்க்கும்?

நிலம் தனியார் கையில் இருக்கும் நியூயார்க் இதே கணக்கை வேறு விதமாகப் போட்டது. 1963இல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியபோது எழுந்த கோபத்தில் 1965இல் அங்கே பாதுகாப்புச் சட்டம் வந்தது. கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேல் 50 மாடிக்கும் அதிகமான கோபுரம் கட்ட ரயில் நிறுவனம் விரும்பியது, நகரம் மறுத்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978இல் நகரம் வென்றது. நிலையத்தின் தலைக்கு மேல் கட்ட முடியாத தளப்பரப்பை அருகிலுள்ள மனைகளுக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்ததையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. அதாவது கட்டாமல் விட்ட மாடிகளைப் பக்கத்து மனைக்கு விற்கலாம். 2020இல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே எழுந்த ஒன் வாண்டர்பில்ட் 427 மீட்டர் உயரம். அதன் உயரத்தில் ஒரு பங்கு இப்படி இடம் மாறி வந்ததுதான். பழையது தாழ்ந்து நிற்பதால் புதியது உயர்கிறது. கணக்கு நேர்.

சரி, பழைய கட்டடத்துக்குள்ளேயே புதியது வந்தால்? சிங்கப்பூரில் நான் மனம்விட்டுப் பாராட்டும் வேலை தேசியக் கலைக்கூடம். 1929இல் முடிந்த நகர மண்டபமும் 1939இன் பழைய உச்ச நீதிமன்றமும் அருகருகே நிற்பவை. 1945இல் ஜப்பானியப் படை சரணடைந்ததும், 1959இல் லீ குவான் யூ பிரதமராகப் பதவியேற்றதும் நகர மண்டபத்தில். அப்படிப்பட்ட இடத்தில் கை வைக்கவே பயம் வரும். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ழான் ஃபிரான்சுவா மிலூ இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் கண்ணாடியும் உலோக வலையும் சேர்ந்த கூரையால் மூடினார். மரம்போலக் கிளை பிரியும் தூண்கள் அதைத் தாங்குகின்றன, மேலே பாலங்கள் இரு கட்டடங்களையும் இணைக்கின்றன, அடியில் தோண்டி நுழைவுக் கூடம் அமைத்தார்கள். 2015இல் திறந்தார்கள். உள்ளே நின்றால் எது 1939, எது 2015 என்று கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடலாம். பழைய கல்லுக்குப் பக்கத்தில் போலிக் கல் வைக்கவில்லை. புதியது தன்னைப் புதியது என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிறது. பழசுக்குப் பக்கத்தில் பழசு மாதிரியே கட்டுவதுதான் மரியாதை என்று நினைக்கும் நகராட்சிகள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டிய இடம் இது.

லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேன் முனையில் இதன் சின்ன வடிவம் இருக்கிறது. இந்திய மரபுடைமை நிலையம், அதுவும் 2015இல் திறந்தது. சுற்றிலும் தாழ்ந்த கடைவீடுகள், நடுவில் நான்கு மாடிக் கண்ணாடி முகப்பு. வட இந்தியப் படிக்கிணறுகளை மனதில் வைத்து வரைந்தது. இருட்டியதும் உள்ளே இருக்கும் படிகளும் வண்ணங்களும் முகப்பு வழியாகத் தெருவுக்குத் தெரியும். தமிழர்களின் தெருவில் வட இந்தியக் கிணறு எதற்கு என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனாலும் தெருவின் அளவை அது மீறவில்லை. துணிச்சல் என்றால் உயரம் என்று நினைத்துக்கொள்ளாத கட்டடம்.

காப்பது என்றால் தொடாமல் வைப்பது என்று பொருள் கொள்வதும் எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. 1827இல் நாராயண பிள்ளை தொடங்கிய மாரியம்மன் கோவிலில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி நடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகள் வந்து கோபுரச் சுதைகளைச் சீர்செய்து வண்ணம் தீட்டுகிறார்கள், 2023 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்தது. தேசிய நினைவுச்சின்னமாகவும் இருந்துகொண்டு, வழிபாடு நடக்கும் கோவிலாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவும் அதற்கு இடமிருக்கிறது. தெலுக் ஆயர் தெருவில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்காவுக்கு வேறு வழி அமைந்தது. ஒரு காலத்தில் அதன் வாசலுக்கு எதிரே கடல் இருந்தது. இன்று கடல் வெகு தூரம் போய், அலுவலகக் கோபுரங்கள் நிற்கின்றன. பழுது பார்த்தபின் 2011இல் அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. இரண்டும் சரியே. எந்தக் கட்டடத்துக்கு எது பொருந்தும் என்று தனித்தனியாக யோசித்திருக்கிறார்கள்.

இப்போது அந்தத் திரும்பிக் கடித்த விஷயம். சைனாடவுன் சுவர்கள் பிழைத்தன, மனிதர்கள் பிழைக்கவில்லை. வாடகைக் கட்டுப்பாடு போனதும் பழைய தொழில்கள் தாக்குப்பிடிக்கவில்லை. தஞ்சோங் பகாரில் மதுக்கூடங்களும் திருமண ஒப்பனைக் கடைகளும் அலுவலகங்களும் வந்தன. உத்தரம் எந்த மரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லும் விதி, கீழே யார் கடை வைக்கலாம் என்று சொல்லவில்லை. சுற்றுலாவுக்காகத் தொடங்கிய பாதுகாப்பு சுற்றுலாவுக்குத் தேவையானதைத்தான் காப்பாற்றியது.

லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலை இதிலிருந்து ஓரளவு தப்பியது. தேக்கா சந்தை அங்கே இருக்கிறது, அதன் மேலேயே வீவக வீடுகள் இருக்கின்றன, வீரமாகாளியம்மன் கோவிலும் சீனிவாசப் பெருமாள் கோவிலும் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுவதிலிருந்தும் வேலையாட்கள் வந்து கூடுகிறார்கள். மல்லிகைச் சரம் வாங்கவும் மளிகை வாங்கவும் ஆள் இருப்பதால் பூக்கடையும் மளிகைக்கடையும் நிற்கின்றன. கடைவீட்டுக்கு அருகில் சாதாரண மக்களின் வீடுகள் இருந்தால்தான் தெரு உயிரோடு இருக்கும். பாதுகாப்பு விதிகளில் எழுதப்படாத இந்தக் காரியம், கூரை ஓட்டைவிட முக்கியம் என்பது என் எண்ணம்.

எதைப் பழையது என்று சொல்வது என்ற கேள்வியை எழுப்பியது ஒரு நூலகம். ஸ்டாம்ஃபோர்டு சாலையில் 1960இல் திறந்த செங்கல் கட்டடம் அது. பெரிய அழகு என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. சுரங்கச் சாலைக்காக அதை இடிக்கப்போகிறார்கள் என்றதும் அங்கே படித்து வளர்ந்த ஒரு தலைமுறையே எதிர்த்துப் பேசியது. மாற்றுத் திட்டங்களும் வந்தன. 2004இல் இடித்துவிட்டார்கள். இரண்டு வாசல் தூண்கள் மட்டும் பக்கத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கின்றன. அடுத்த ஆண்டு விக்டோரியா தெருவில் கென் யாங் வடிவமைத்த 16 மாடிப் புதிய நூலகம் திறந்தது. அது நல்ல கட்டடம், காற்றையும் நிழலையும் அறிந்து கட்டியது. ஆனாலும் இழப்பு இழப்புதான். விடுதலைக் காலத்தையொட்டி எழுந்த கட்டடங்களும் நினைவைச் சுமக்கும் என்று அரசுக்கு அப்போது தெரியவில்லை.

இன்றைய உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் துணிச்சலான புதுமையாக இருந்த 1970களின் கோபுரங்களுக்கு ஐம்பது வயது ஆகிவிட்டது. இவை தாழ்ந்த கடைவீடுகள் அல்ல. நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள், நிலத்துக்கு அரசிடம் 99 ஆண்டுக் குத்தகை, அதில் பாதி முடிந்துவிட்டது. குத்தகை குறையக் குறைய வீட்டின் மதிப்பும் குறையும். எல்லாரும் சேர்ந்து மொத்தமாக விற்றுவிட்டால் நல்ல காசு. பத்து ஆண்டுக்கு மேலான கட்டடம் என்றால் எண்பது விழுக்காட்டு உரிமையாளர் சம்மதம் போதும்.

பேர்ல் பேங்க் அடுக்குமாடியை இப்படித்தான் இழந்தோம். 1976இல் முடிந்த 38 மாடி, குதிரை லாட வடிவம், டான் செங் சியோங் வரைந்தது. அவரே பின்னாளில் ஒரு வழி சொன்னார்: பழையதை இடிக்காமல் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டடம் சேர்த்து, அதை விற்று வரும் பணத்தில் பழுது பார்க்கலாம். பெரும்பாலான உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தத் திட்டத்துக்கு நூற்றுக்கு நூறு பேரும் சம்மதிக்க வேண்டியிருந்தது. நடக்கவில்லை. 2018இல் 72.8 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு விற்பனையானது, 2020க்குள் இடித்து முடித்தார்கள். காப்பாற்ற நூறு பேரும் வேண்டும், விற்று இடிக்க எண்பது பேர் போதும். சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸில் கதை மாறியது. 1973இல் எழுந்த 16 மாடிக் கட்டடம், கடலைப் பார்த்துப் படிக்கட்டுபோலச் சரியும் முகப்பு. வில்லியம் லிம், டே கெங் சூன், கான் எங் ஊன் ஆகியோரின் வேலை. கடை, அலுவலகம், வீடு எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் அடுக்கிப் பார்த்த முயற்சி. பிறகு பராமரிப்பு கெட்டு, பலகணிகளைத் தகரத்தால் அடைத்து, 2006இல் நாடாளுமன்றத்திலேயே ஓர் உறுப்பினர் தேசிய அவமானம் என்று சொல்லும் நிலைக்கு வந்தது. ஆனால் 2021 அக்டோபரில் நகர மறுசீரமைப்பு ஆணையம் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. கூடவே கணக்கையும் நேர்செய்தது. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தளப்பரப்பு, கட்டணத்தில் தள்ளுபடி, பக்கத்தில் புதிய கோபுரம் எழுப்ப அனுமதி, குத்தகையைத் திரும்ப 99 ஆண்டாக்கும் வாய்ப்பு. 2022இல் 70 கோடி வெள்ளிக்கு வாங்க ஆள் வந்தார்கள். பழையது நிற்க, பக்கத்தில் 45 மாடிக் கோபுரத்துக்குத் திட்டம் போட்டார்கள். பேர்ல் பேங்குக்கு டான் செங் சியோங் கேட்டதும் ஏறக்குறைய இதுதான்.

இங்கேயும் மனிதர்கள் போனார்கள். பல ஆண்டுகளாக அங்கே இருந்த தாய்லாந்து உணவகங்களும் கடைகளும் 2023இல் காலி செய்தன. அந்தக் கணக்கை இன்னும் யாரும் போடவில்லை.

அடுத்த வரிசையில் நிற்பது சைனாடவுனின் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ், அதுவும் 1973ஐச் சேர்ந்தது, வில்லியம் லிம், டே கெங் சூன் உள்ளிட்டோரின் கைவண்ணம், அதே 99 ஆண்டுக் குத்தகை. கோல்டன் மைலில் காப்பாற்றும் அறிவிப்பு விற்பனைக்கு முன்னால் வந்தது, அதனால் வாங்குகிறவருக்கு எதை வாங்குகிறோம் என்று தெரிந்தது, விலையும் அதற்கேற்ப அமைந்தது. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு யார் கேட்டாலும் பலன் இல்லை. ஆணையம் இந்தக் கட்டடத்துக்கும் கூடுதல் தளப்பரப்பு எவ்வளவு, குத்தகை எத்தனை ஆண்டு என்று உரிமையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இந்தத் தடவை கீழ்மாடிக் கடைக்காரர்களையும் அந்தப் பேச்சில் உட்காரவைக்க வேண்டும்.